‘பார்க்கலாம்’ என்றால் ‘வேண்டாம்’ என்று எனக்கு மட்டும் ஏன் புரிவதில்லை?

கேள்வி: எனக்கு 33 வயது. மடிப்பாக்கத்தில் வீடு, தரமணியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் மதியச் சாப்பாட்டின்போது நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் எந்த இடத்தில் வாயைத் திறப்பது என்று தெரியாது. பேசினால் யாரையாவது புண்படுத்திவிடுகிறேன், இல்லையென்றால் எல்லாரும் சட்டென்று அமைதியாகிவிடுகிறார்கள். ஊருக்குப் போவது பற்றி மாமியாரிடம் கேட்டேன், ‘பார்க்கலாம்மா’ என்றார். டிக்கெட் போட்டுவிட்டேன். அவர் சொன்னது ‘வேண்டாம்’ என்று பிறகுதான் தெரிந்தது. கல்யாண மண்டபத்துக்குப் போய் வந்தால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான். சின்ன வயதிலிருந்தே ‘திமிர் பிடித்தவள்’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை இரவானால் காரணமில்லாமல் அழுகை வருகிறது. போன மாதம் அக்கா மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கக் கூடப் போனேன். அங்கே கேட்ட கேள்விகளில் பாதி என்னைப் பற்றியே கேட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து இணையத்தில் ஒரு டெஸ்ட் எடுத்தேன், 50க்கு 34. எனக்கும் ஆட்டிசமா, டாக்டர்? ‘இந்த வயசுல தெரிஞ்சு என்ன ஆகப்போகுது’ என்கிறார் கணவர்.

பதில்: இருக்கலாம். ஒரு கடிதத்தை வைத்து இதற்கு மேல் சொன்னால் அது தவறு. ஆனால் இது வீண் கற்பனை இல்லை, முறையாகப் பார்க்க வேண்டிய கேள்வி. ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது. குழந்தையைக் காட்ட வந்த இடத்தில் அப்பாவோ அம்மாவோ சித்தியோ, ‘டாக்டர், இதெல்லாம் எனக்கும் உண்டே’ என்று தயங்கித் தயங்கிக் கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரியவர்களில் பலருக்கு விஷயம் இப்படித்தான் தெரியவருகிறது.

முதலில் அந்த 34. ஐம்பது கேள்வி என்பதால், 2001இல் கேம்பிரிட்ஜில் சைமன் பாரன்-கோஹன் குழுவினர் வெளியிட்ட, ஆட்டிசத் தன்மைகளை அளக்கும் ஏ.க்யூ. வினாத்தாளைத்தான் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் 32ஐ ஒரு எல்லைக்கோடாக வைத்தார்கள். அதைத் தாண்டினால் ‘மேற்கொண்டு பாருங்கள்’ என்று பொருள், அவ்வளவுதான். கூட்டத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கும் அதில் மதிப்பெண் ஏறும். பார்ட்டிக்குப் போவதா நூலகத்துக்குப் போவதா என்று அதில் ஒரு கேள்வி வருகிறது. வளைகாப்பும் கிரகப்பிரவேசமும்தான் கூட்டம் என்று வளர்ந்த நம் பெண்கள் பலர் ஆட்டிசம் இல்லாமலே நூலகம் என்று சொல்லிவிடுவார்கள். எண்ணைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ‘பார்க்கலாம்’தான். நம் தமிழில் ‘முடியாது’ என்று முகத்துக்கு நேராகச் சொல்வதை மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். அதனால் ‘பார்க்கலாம்’, ‘சொல்றேன்’, ‘அவர்கிட்ட கேட்டுட்டு சொல்றேனே’ என்று சுற்றிவளைக்கிறோம். ‘உன் இஷ்டம்’ என்றால் பெரும்பாலும் என் இஷ்டம் அதுவல்ல என்று பொருள். கிளம்பும் விருந்தாளியிடம் ‘சாப்பிட்டுட்டுப் போகலாமே’ என்பார்கள். அது உண்மையான அழைப்பா, வாய் வார்த்தையா என்பது எத்தனை முறை சொல்கிறார்கள், குரல் எங்கே ஏறுகிறது, சொல்கிறவர் வாசலைப் பார்க்கிறாரா அடுப்படியைப் பார்க்கிறாரா என்பதில் இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இதைப் பிடித்துக்கொள்கின்றன. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இது தானாக வருவதில்லை. புத்திசாலிகளாக இருந்தால் ஒவ்வொன்றையும் விதியாக மனப்பாடம் செய்துகொள்வார்கள்: இவர் சிரித்தால் நானும் சிரிக்க வேண்டும், மூன்று நொடி கண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும், ‘சாப்டீங்களா’ என்று கேட்டால் என்ன சாப்பிட்டேன் என்று பட்டியல் சொல்லக்கூடாது. நாள் முழுக்க மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே பேசுவதில் உடம்பு ஓய்ந்துபோகும். உங்களுக்கு அப்படியா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. கல்யாணமாகி வந்த வீட்டின் சங்கேதம் புரியாமல் திண்டாடுவது எந்தப் பெண்ணுக்கும் நடக்கும். மாமியார் விஷயம் மட்டும் என்றால் நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன். பள்ளியிலும் அலுவலகத்திலும், சொந்த அக்காவிடமும் இதே கதைதானா? நினைவு தெரிந்த நாளிலிருந்தா, இல்லை சில வருஷங்களாகவா? ஆட்டிசம் நடுவில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை, பிறவியிலிருந்தே கூட வருவது.

அப்புறம், பழகுவதில் உள்ள சிரமம் பாதிக் கதைதான். மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற கையேட்டின்படி இன்னொரு பாதியும் வேண்டும். செய்வதையே திரும்பத் திரும்பச் செய்வது, வழக்கம் மாறினால் நிலைகுலைவது, ஒரு விஷயத்தில் ஆழமாக மூழ்குவது, ஒலி, ஒளி, தொடுதல், வாசனை போன்றவை மற்றவர்களைவிட மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உறைப்பது. இந்த நான்கில் இரண்டாவது இருக்க வேண்டும். இதைப் பற்றி நீங்கள் எழுதியது மண்டபத்தைப் பற்றிய ஒரே வரி. அங்கே உங்களைப் படுக்கவைப்பது எது? விசாரிக்க வரும் உறவினர்களா, அல்லது கெட்டிமேளம், கண்ணைக் கூசும் வீடியோ லைட், கழுத்தில் உரசும் ஜரிகை, மூக்கில் ஏறும் சந்தனமும் மல்லிகையுமா? வீட்டில் மிக்சி ஓடும்போது வேறு அறைக்குப் போய்விடுவீர்களா? வழக்கமான பஸ் வராமல் வேறு வழியில் போக நேர்ந்தால் அன்றைய நாளே கெட்டுவிடுமா? ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பார்க்கப் போகும் மருத்துவருக்கு அந்த 34ஐவிட இந்த நோட்டு உதவும். (ஆஸ்பெர்கர் என்ற பெயரை எங்காவது படித்திருப்பீர்கள். 2013க்குப் பிறகு அந்தக் கையேட்டில் அது தனி நோய்ப்பெயர் இல்லை, ஆட்டிசத்துக்குள்ளேயே வந்துவிட்டது.)

அம்மா இருந்தால் அவரிடம் பேசுங்கள். ‘நான் சின்ன வயசுல நார்மலா இருந்தேனாம்மா’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘உனக்கென்னடி குறைச்சல்’ என்று பதில் வரும். எப்போது பேச ஆரம்பித்தேன், சட்டை லேபிள் குத்துகிறது என்று அழுதேனா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடினேனா அல்லது ஓரமாக உட்கார்ந்து பார்த்தேனா, தீபாவளி வெடிக்கு என்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ‘சமத்து, வெச்ச இடத்துல இருப்பா’ என்று பெருமையாகச் சொல்வார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் படித்த காலத்தில் ஆட்டிசம் என்றால் பேசாத பையன் என்றுதான் நினைத்தார்கள். நன்றாகப் படிக்கும், தொந்தரவு தராத பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற பெண்களைப் பார்த்துப் பார்த்து நடை, சிரிப்பு, பேச்சு எல்லாவற்றையும் நகலெடுத்துச் சமாளிப்பதும் பெண்களிடம் அதிகம். அது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

வேறு காரணங்களும் உண்டு. என்ன பேச வேண்டும் என்று தெரிந்தும், தப்பாக நினைப்பார்களோ என்ற பயத்தில் வாய் அடைத்தால் அது சமூகப் பதற்றம். யோசிக்கும் முன்பே வார்த்தை வெளியே வந்துவிட்டால், அடுத்தவர் பேச்சு பாதியில் நழுவினால் ஏ.டி.எச்.டி. என்ற கவனச் சிதறல் குறைபாடாக இருக்கலாம், ஆட்டிசத்தோடு சேர்ந்தும் வரலாம். முப்பது வருஷம் ‘திமிர்’ என்று கேட்டே வளர்ந்தவருக்குப் பதற்றம் மேலே வந்து ஏறிக்கொள்வதும் இயல்பு. காதையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு காதில் லேசாகக் கேட்காவிட்டாலும் இரைச்சலான கேன்டீனில் பாதிப் பேச்சு காணாமல் போகும்.

கணவரின் கேள்விக்கு வருகிறேன். ஆட்டிசத்துக்கு மாத்திரை கிடையாது, கூட வரும் பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மைக்கு உண்டு. ஸ்டெம் செல், விசேஷ டயட் என்று குணப்படுத்துவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள், அதற்கெல்லாம் ஆதாரமில்லை. பிறகு எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்? உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், திமிர் என்று. அது தவறான பெயராக இருந்தால், அதை இன்னும் எத்தனை வருஷம் சுமப்பீர்கள்? அரசுத் தாள்கள் சிலவற்றில் ஆட்டிசத்தைப் ‘புற உலகச் சிந்தனையற்ற’ நிலை என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் என்ன நினைப்பார் என்று மதியம் முழுக்கத் தவிக்கும் உங்களுக்கா புற உலகச் சிந்தனை இல்லை? டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒன்று சொன்னார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. உங்களுக்கு மாமியார் புரியவில்லை என்பது எவ்வளவு உண்மையோ, மாமியாருக்கு உங்களைப் புரியவில்லை என்பதும் அவ்வளவு உண்மை.

பெயர் தெரியும்வரை காத்திருக்காமலே சிலவற்றைச் செய்யலாம். ‘பார்க்கலாம்னா வேண்டாம்னு எடுத்துக்கட்டுமா, அத்தை?’ என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். முதலில் விசித்திரமாகப் பார்ப்பார், போகப் போகப் பழகிவிடும். ‘எங்கிட்ட நேரா சொல்லிடுங்க’ என்று கணவரிடம் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லும் வேலையை மெயிலில் கேட்டு வாங்குங்கள். மதியம் தினமும் கூட்டத்தோடு சாப்பிட வேண்டும் என்று சட்டமில்லை, பிடித்த ஒருவரோடு சாப்பிட்டால் போதும். மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்துக்குப் போய், சாப்பிட்டுக் கிளம்பிவிடலாம்.

எங்கே போவது? பெரியவர்களின் ஆட்டிசத்தைப் பார்த்துப் பழகிய மனநல மருத்துவர் அல்லது ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். ‘18 வயசுக்கு மேலே உள்ளவங்களைப் பார்ப்பீங்களா’ என்று போனிலேயே கேட்டுவிடுங்கள், நம் ஊரில் பல இடங்கள் குழந்தைகளுக்கு மட்டும்தான். பணம் ஒரு கவலை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலோ சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ தொடங்கலாம். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இது தெரியாது, உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் ‘ஆமாம்’ என்றோ ‘அதெல்லாம் ஒண்ணுமில்லை’ என்றோ ஒருவர் முடித்துவிட்டால் இன்னொருவரைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

கடைசியாக, அந்த ஞாயிறு இரவு அழுகை. அதை இந்தப் பரிசோதனை முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள். மனச்சோர்வின் தொடக்கமாக இருக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. இந்த வாரமே யாராவது ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து அதை மட்டுமாவது சொல்லுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால், உயிரோடு இருக்க வேண்டுமா என்ற எண்ணம் வந்தால், உடனே 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மனஸ் என்ற அரசின் இலவச எண் அது, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். அழுகிறீர்கள் என்பதைக் கணவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? அவர் தானாகப் புரிந்துகொள்வார் என்று காத்திருக்க வேண்டாம், நேராகச் சொல்லிவிடுங்கள்.