பழைய கம்ப்ரெசர் காருக்குப் பொருந்தவில்லை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் காரின் ஏ.சி. கம்ப்ரெசர் பழுதாகிவிட்டது. பழைய உதிரிபாகங்கள் விற்கும் கடையில் காரின் மாடலையும் ஆண்டையும் சொன்னேன். "அப்படியே பொருந்தும்" என்று சொல்லி ஒரு கம்ப்ரெசரைக் கொடுத்தார்கள். மெக்கானிக் மாட்டிப் பார்த்தார். குளிர் வரவில்லை, சில நாட்களில் சத்தமும் வந்தது. கன்ட்ரோல் வால்வு வேறு வகை, இது வேறு மாடலுக்கானது என்கிறார் அவர். கடைக்காரரோ, "பழைய பொருளுக்கு கேரண்டி கிடையாது, பில்லிலேயே போட்டிருக்கிறதே" என்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் எதைப் புகாராக வைக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. "சத்தம் வருகிறது, சீக்கிரம் கெட்டுவிட்டது" என்று ஆரம்பித்தால், பழைய பொருள் தேயத்தான் செய்யும் என்று கடைக்காரர் எளிதாகத் தப்பிவிடுவார். "என் காருக்குப் பொருந்தும் என்று சொல்லி, பொருந்தாததைக் கொடுத்தார்" என்பதுதான் உங்கள் வழக்கு. பழையது என்பதற்காக ஆயுள் குறைவாக இருப்பதை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். வேறு காரின் கம்ப்ரெசரை ஏற்க வேண்டிய அவசியம் இல்லை.

இந்தியாவின் சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16(1) இதற்குத் துணை நிற்கிறது. என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்பதை விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய தொழில் அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குத் தகுந்த பொருளைக் கொடுப்பது அவர் பொறுப்பு. இதில் ஒரு விலக்கும் உண்டு. குறிப்பிட்ட ஒரு பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லி நீங்களே கேட்டு வாங்கியிருந்தால், "கேட்டதைத்தான் கொடுத்தேன்" என்று அவர் வாதிட இடமிருக்கும். நீங்கள் சொன்னது காரின் விவரத்தை. எந்தக் கம்ப்ரெசர் என்று முடிவு செய்தவர் அவர். அந்த உரையாடல் வாட்ஸ்அப்பில் இருந்தால் அழிக்காதீர்கள்.

அடுத்து அந்த பில் வாசகம். வெளிப்படையான ஒப்பந்தத்தின் மூலம் இந்தப் பொறுப்பை விலக்கிக்கொள்ள முடியும் என்று அதே சட்டத்தின் பிரிவு 62 சொல்வது உண்மைதான். ஆனால் பேசி முடித்து, பணம் கொடுத்த பிறகு கைக்கு வந்த பில்லில் அச்சடித்த ஒரு வரியை நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனை என்று சொல்வது கடினம். அதோடு "கேரண்டி இல்லை" என்பது எத்தனை நாள் ஓடும் என்பதைப் பற்றிய பேச்சு; எந்தக் காருக்கு என்பதைப் பற்றியது அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை.

உடனே செய்ய வேண்டியது, அந்தக் கம்ப்ரெசரை மேற்கொண்டு பயன்படுத்தாமல் நிறுத்துவது. பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்ப்பது சோதனை. பொருந்தாது என்று தெரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால், பொருளை ஏற்றுக்கொண்டதாக சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 42-இன் கீழ் வாதம் வரும். அப்போது அந்தச் சட்டப்படி பொருளைத் திருப்பும் உரிமை போய், இழப்பீடு மட்டும் கேட்கலாம். எனவே "இதை நிராகரிக்கிறேன், எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள்" என்று இன்றே எழுத்தில் அனுப்புங்கள்.

கம்ப்ரெசரைப் பிரிக்க யாரையும் விடாதீர்கள். பிரித்தால், கெடுத்தது நீங்கள்தான் என்பார்கள். லேபிளில் உள்ள பாகத்தின் எண், குளிரூட்டும் வாயுவின் வகை எல்லாம் தெரியும்படி படம் எடுங்கள். ஆர்-134ஏ வாயுவுக்கானதா, ஆர்-1234ஒய்எஃப் வாயுவுக்கானதா என்பதுகூடப் பொருத்தத்தில் சேர்ந்ததுதான். உங்கள் காரிலிருந்து கழற்றிய பழைய கம்ப்ரெசர் இன்னும் வொர்க்‌ஷாப்பில் கிடக்கிறதா? இருந்தால் இப்போதே போய் வாங்கி வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

மெக்கானிக் விஷயத்திலும் ஜாக்கிரதை. காரில் முதலில் இருந்த கம்ப்ரெசர் உள்ளே நொறுங்கியிருந்தால், குழாய்களைக் கழுவி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றிய பிறகே அடுத்ததை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் உலோகத்தூள் அதையும் தின்றுவிடும். அதை அவர் செய்தாரா என்பதுதான் கடைக்காரரின் முதல் கேள்வியாக இருக்கும். செய்யவில்லை என்றால் மெக்கானிக்கின் சேவையிலும் குறைபாடு இருக்கலாம், அவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். அதனால் அவர் வாய்மொழியை மட்டும் நம்பாமல், சம்பந்தமில்லாத இன்னொரு வொர்க்‌ஷாப்பில் எழுத்துப்பூர்வமாக அறிக்கை வாங்குங்கள்.

நிராகரிப்புக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. கால வரம்பு 2 ஆண்டுகள். கம்ப்ரெசரின் விலையோடு மாட்டிய கூலி, வாயு நிரப்பிய செலவு ஆகியவற்றையும் ரசீதுடன் கேளுங்கள். கார் வாடகைக்கு ஓடுகிறது என்றால், அதை ஓட்டிப் பிழைப்பது நீங்கள்தான் என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியதை வணிக நோக்கமாகச் சட்டம் கருதுவதில்லை.