போரில் மடிந்த ஜெர்மானியச் சிப்பாய் ஒருவரின் விருதுச் சான்றிதழ்கள் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றை வாங்கிச் சேர்ப்பது முறையா? அசல்தானா என்று எப்படி அறிவது?

நீங்களும் என்னைப் போல ஜெர்மனியில் வசிப்பவர் என்றும், ஏதோ ஒரு பழம்பொருள் சந்தையில் இந்தத் தாள்கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தயங்கி நிற்கிறீர்கள் என்றும் எண்ணிக்கொள்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இப்படிப்பட்ட பதிலைக் கண்டதும் கோபப்படுபவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனியின் படை கிழக்கு முனையில், அதாவது சோவியத் நாட்டுக்கு எதிராக, நடத்தியது கோடிக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட அழிப்புப் போர். அதன் விருதுகளில் எனக்கு எள்ளளவும் மயக்கம் இல்லை. ஸ்வஸ்திகா சின்னத்தைப் பொதுவில் காட்டுவதை இந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு தடுக்கிறது. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு. சொந்தச் சேகரிப்பாக வீட்டில் வைத்திருப்பது குற்றமன்று. நான் சேர்ப்பது ஆவணங்களை; யாருடைய புகழையும் அல்ல.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், சுருட்டுப் பெட்டி ஒன்றில் நான்கு தாள்பொருள்களைக் கண்டேன். ஒன்று, ‘வேர்பாஸ்’ எனப்படும் படைச்சேவைக் கையேடு. மற்ற மூன்றும் அரைத்தாள் அளவிலான சான்றிதழ்கள்: கறுப்பு நிறக் காயமுற்றோர் சின்னம், காலாட்படைத் தாக்குதல் சின்னம், 1941-42 குளிர்காலப் போருக்கான கிழக்கு முனைப் பதக்கம். இந்தக் கடைசிப் பதக்கத்தைத்தான் சிப்பாய்களே ‘உறைந்த இறைச்சிப் பதக்கம்’ என்று கசப்போடு அழைத்தார்கள். மூன்று சான்றிதழ்களும் நடுவில் ஒரே இடத்தில் மடிக்கப்பட்டிருந்தன. ஒரே உறையில் நெடுங்காலம் இருந்ததற்கு அந்த மடிப்பே சாட்சி.

கையேட்டின்படி அந்தச் சிப்பாய் 1942 ஆகஸ்டில் ரஷ்யாவின் ர்ஜெவ் நகருக்கருகே மடிந்தார். ஆனால் பதக்கச் சான்றிதழில் இருந்த தேதியோ அதற்குப் பதினாறு நாள் பிந்தியது. போலி என்று நினைத்து முதலில் திருப்பி வைத்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது: அந்தப் பதக்கம் 1942 மே 26 அன்றுதான் நிறுவப்பட்டது, படைப்பிரிவுகள் பட்டியல் போட்டுச் சான்றிதழ் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் பெயருக்குரியவர்கள் பலர் உயிரோடு இல்லை, இறந்தவர்களுக்கும் அது வழங்கப்பட்டது. ஆகவே இறந்த தேதிக்குப் பிந்திய சான்றிதழைக் கண்டவுடன் போலி என்று முடிவுகட்டாதீர்கள். போர்முனையில் சிப்பாய் வைத்திருந்தது ‘ஸோல்ட்புக்’ என்ற ஊதியக் கையேட்டை மட்டுமே. வேர்பாஸ் படைப்பிரிவிடம் இருக்கும். அவர் இறந்தபின் வீட்டுக்கு வரும். நீங்கள் காணும் கட்டு அப்படி ஒரு தாயிடமோ மனைவியிடமோ வந்து சேர்ந்ததாக இருக்கலாம்.

அசல்தானா என்று அறிய, வேர்பாஸில் விருதுகளுக்குரிய பக்கத்தைச் சான்றிதழ்களோடு ஒப்பிடுங்கள். புற ஊதா விளக்கில் தாள் நீலமாகப் பளிச்சிட்டால் அது போருக்குப் பிந்திய தாள் என்றே ஐயுறுங்கள். வெண்மையூட்டும் வேதிப்பொருள்கள் தாளில் பரவலானது அதன்பிறகே. தட்டச்சு எழுத்துகள் தாளின் பின்புறத்தில் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

வாங்குவது முறையா என்பதற்கு என் பதில்: முழுதாக வாங்குவதானால் முறை, பிரித்து வாங்குவதானால் முறையன்று. அந்த நான்கையும் வாங்கும்போது நான் வியாபாரியிடம், “இதோடு வேறு ஏதாவது இருந்ததா?” என்று கேட்டபோது, படைப்பிரிவுத் தலைவர் குடும்பத்துக்கு எழுதிய கடிதமும் இரண்டு புகைப்படங்களும் இருந்ததாகவும், அவற்றைக் காலையிலேயே வேறொருவருக்கு விற்றுவிட்டதாகவும் கூசாமல் சொன்னார். தனித்தனியாக விற்றால் பணம் கூடுதலாம்! எழுபது ஆண்டுகள் ஒரு குடும்பம் ஒன்றாகக் கட்டி வைத்திருந்ததை ஒரே காலையில் பிரித்துவிட்டார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. ஜெர்மானியத் தரைப்படையின் ஆவணங்களில் கணிசமான பகுதி 1945 ஏப்ரல் 14 அன்று பொட்ஸ்டாம் மீதான குண்டுவீச்சில் அழிந்துபோனது. ஒரு சாதாரணச் சிப்பாய் எங்கே காயம்பட்டார், யாருக்குக் கீழ் இருந்தார் என்பதற்கு இந்தத் தாள்களே பல வேளைகளில் எஞ்சிய ஆதாரம். அவற்றைச் சிதறடிப்பவர்களைச் சேகரிப்பாளர்கள் என்று சொல்ல என்னால் இயலாது.

வாங்கிய பிறகு, ஜெர்மானியப் போர்க்கல்லறைப் பராமரிப்புச் சங்கத்தின் இணையத் தேடலில் பெயரையும் பிறந்த நாளையும் கொடுத்துப் பாருங்கள். நான் தேடியவர் ர்ஜெவ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். வீரர்களின் உயிரிழப்புப் பதிவுகளை வைத்திருந்த பெர்லின் அலுவலகம் 2019இல் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தோடு இணைக்கப்பட்டது. அங்கே எழுதிக் கேட்கலாம், பதில் வர மாதக்கணக்கில் ஆகும். தாள்களில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடாக்கி மூடாதீர்கள். என் சான்றிதழ்களின் மூலையில் துருப்பிடித்த குண்டூசி ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு அமிலமற்ற உறையில் வைத்தேன். ஆனால் மூன்றும் ஒன்றாக இருந்ததைக் காட்டும் அந்தத் துருக்கறையைத் துடைக்கவில்லை.