ராடில் எந்த பிளேட்டை மாட்டுவது?

கேள்வி: 82.5 கிலோ ஸ்க்வாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) போடச் சொல்கிறார் கோச். எந்த பிளேட், எத்தனை என்பதில் ஒவ்வொரு செட்டிலும் குழம்பிவிடுகிறேன். வீட்டுக்கு வாங்குவதென்றால் எந்தெந்த பிளேட் போதும்?
– வாசகர், திருச்சி

பதில்: குழப்பம் பெரும்பாலும் ராடில்தான் ஆரம்பிக்கிறது. ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டியின் ராடு ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15. சாதாரண மெல்லிய ராடு இதைவிட லேசாக இருக்கும். ராடைப் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். அதில் உங்கள் எடையைக் கழித்தால் ராடின் எடை தெரிந்துவிடும்.

இனி கணக்கு. 82.5-இல் ராடின் 20 போனால் 62.5, அதில் பாதி 31.25. ஒரு பக்கத்துக்கு இவ்வளவுதான். பெரியதிலிருந்து இறங்குங்கள்: 20, 10, 1.25. மறு பக்கமும் அப்படியே. பலர் பாதியாக்க மறந்து, மொத்தத்தையும் ஒரே பக்கத்துக்குக் கணக்குப் போடுகிறார்கள். பிளேட் நழுவாமல் பூட்டும் காலர் ஒன்று 2.5 கிலோ என்றால் ராடோடு 5 கிலோவைச் சேர்த்துக் கழியுங்கள். காலருக்குப் பதில் லேசான ஸ்பிரிங் கிளிப் என்றால் கணக்கில் எடுக்க வேண்டாம்.

'பெரியது முதலில்' சில சமயம் காலை வாரும். பக்கத்துக்கு 30 வேண்டும், 5 கிலோ பிளேட் கைவசம் இல்லை என்று வையுங்கள். 25-ஐ மாட்டினால் மீதி 5-க்கு வழியில்லை. அதைக் கழற்றிவிட்டு 20, 10 போடுங்கள்.

வீட்டுக்கு 20, 10, 5, 2.5, 1.25 என ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி வாங்கினால் போதும். ஒவ்வொன்றும் அடுத்ததன் இரு மடங்கு என்பதால் 20 கிலோ ராடில் 20 முதல் 97.5 வரை 2.5 கிலோ இடைவெளியில் எல்லா எடையும் அமைந்துவிடும். இன்னொரு ஜோடி 20 சேர்த்தால் 137.5 வரை போகலாம். 15, 25 எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் 1.25 வாங்குங்கள், அது இல்லாவிட்டால் அடுத்த படி நேராக 5 கிலோ, தோள் பயிற்சியில் அது அதிகம்.

பவுண்டு பிளேட்டைக் கலக்காதீர்கள். 45 பவுண்டு என்பது 20.4 கிலோ; எதிர்ப்பக்கம் 20 கிலோ இருந்தால் இரு பக்கமும் சமமாக இருக்காது.

டெட்லிஃப்டுக்கு (தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிர்வது) ஒரு விஷயம்: போட்டி பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. என்பதால் ராடின் மையம் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். சிறிய பிளேட் மட்டும் மாட்டினால் ராடு தாழ்ந்து, முதுகு வளையும். இரு பக்கமும் பலகை வைத்து உயர்த்துங்கள். ஸ்டாண்டில் இருக்கும் ராடிலிருந்து கழற்றும்போது இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என மாற்றி மாற்றி எடுங்கள். ஒரே பக்கத்தைக் காலி செய்தால் மறு பக்கம் கவிழ்ந்து விழும்.