பென்னி செலவழிக்கப் போன பையர்

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். லண்டனிலிருந்து சரக்கு வாங்க வந்த வயதான பையர், பேச்சுக்கு நடுவே 'ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி' என்று எழுந்தார். 'வேண்டாம் சார், செலவு எங்களுடையது' என்றேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். இப்படிப்பட்ட பணத் தொடர்களை மெயிலில் எழுதலாமா?

பதில்: அவர் தேடியது பாத்ரூமை! 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் கட்டணக் கழிப்பறைகள் அமைத்தார். ஆளுக்கு ஒரு பென்னி. எட்டு லட்சம் பேருக்கு மேல் காசு கொடுத்துப் போனார்கள். பின்னாளில் பிரிட்டனின் பொதுக் கழிப்பறைக் கதவுகளில், பென்னி போட்டால் திறக்கும் பூட்டுகள் இருந்தன. பூட்டு போய்விட்டது, பேச்சு தங்கிவிட்டது. நாம் 'கொஞ்சம் வெளியே போயிட்டு வரேன்' என்போமே, அந்த நாசூக்குதான். இன்று பெரும்பாலும் பெரியவர்கள்தான் சொல்கிறார்கள். மெயிலுக்கு ஆகாது.

விலை பேசும்போது 'இட் வோன்ட் ப்ரேக் தி பேங்க்' எழுதலாம். இந்த 'பேங்க்' நம் வங்கி அல்ல, சூதாட்ட மேஜையில் வைத்திருக்கும் மொத்தப் பணம். 'கையைக் கடிக்காது' என்று நாம் சொல்வது இதற்கு அச்சாகப் பொருந்தும். பழகிய பையர் என்றால் மட்டும். முதல் மெயிலிலேயே வேண்டாம்.

கவனம் தேவைப்படுவது 'பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்'. அந்தக் காலத்தில் பவுண்டுக்கு 240 பென்னி. 1971-ல்தான் 100 ஆனது. ஒன்றை மிச்சம் பிடித்து 240-ஐக் கோட்டைவிடுவது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விலையைக் குறைக்க பையர் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) துணியை 140 ஆக்கி மெலிதாக்கச் சொல்கிறார், நாலு சலவையில் சட்டை தொய்ந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். தொடர் கச்சிதமாகப் பொருந்தும்தான். ஆனால் எழுதி அனுப்பினால் அவரை முட்டாள் என்றதாகிவிடும். 'திஸ் மே பி எ ஃபால்ஸ் எகானமி' என்று எழுதுங்கள். மிச்சம் போலத் தெரிந்து கடைசியில் நஷ்டமாகும் சிக்கனம் என்று பொருள். அதே விஷயம், குறை திட்டத்தின் மேல் விழும், ஆள் மேல் விழாது. நானாக இருந்தால் இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வேன்.

அப்புறம், உங்கள் துணியை நீங்களே 'சீப்' என்று எழுதாதீர்கள். மட்டம் என்றும் அதற்குப் பொருள் உண்டு. 'குட் வேல்யூ' போதும்.