இன்ஜினை இறக்காமல் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்க் ஷாஃப்ட்டோடு சேரும் இடத்து பேரிங்) மட்டும் மாற்றலாமா?

மாற்றலாம், கிராங்க் ஜர்னல், அதாவது கிராங்க் ஷாஃப்ட்டில் இந்த பேரிங் உட்காரும் உருளைப் பகுதி, நன்றாக இருந்தால் மட்டும். சூடான இன்ஜினில் ஆயில் பிரஷர் குறைகிறது, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அடியில் லேசான தட்டல் என்ற நிலை என்றால் முயன்று பார்க்கத் தகுந்ததுதான். பல கார்களில் ஆயில் சம்ப்பை (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றினாலே கனெக்டிங் ராடு கேப்கள் கைக்கு எட்டும். சிலவற்றில் முன் சப்ஃப்ரேமையும் (அடிச்சட்டம்) இறக்க வேண்டும். வேலையில் பாதி அதுவே.

கேப்பைக் கழற்றியதும் ஜர்னலை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிராய்ப்புக் கோட்டில் சிக்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கிராங்கைக் கழற்றி கிரைண்டிங் செய்து அண்டர்சைஸ் ஷெல் (மெலிந்த ஜர்னலுக்கேற்ற, கனம் கூடிய அரைவட்ட பேரிங் துண்டு) போடுவதுதான் வழி. சிராய்ப்பு மேல் புது ஷெல் போட்டால் அது சீக்கிரமே தேயும். அந்தக் காசு வீண், காரை விற்பதற்காகத் தட்டலை மறைக்க இப்படிச் செய்வதை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

ஜர்னல் வழவழப்பாக இருந்தால் பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து ஜர்னலுக்கும் ஷெல்லுக்கும் உள்ள இடைவெளி அளக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் 0.02 முதல் 0.06 மி.மீ. வரை இருக்கும், உங்கள் இன்ஜினின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே முடிவு. கேப்கள் இடம் மாறக்கூடாது, திசையும் மாறக்கூடாது. இழுபட்டு இறுகும் வகை போல்ட் என்றால் கட்டாயம் புதியது. ஷெல்லின் உள்பக்கத்தில் அசெம்பிளி லூப் (பொருத்தும்போது பூசும் மசகு) தடவுங்கள், முதுகுப்பக்கம் சுத்தமாக, உலர்ந்து இருக்கட்டும்.

பழைய ஷெல் ஏன் தேய்ந்தது என்பதையும் பாருங்கள். ஆயில் பம்ப் ஸ்ட்ரெய்னரில் (வடிகட்டி வலை) கசடு அடைத்திருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் சம்ப்பை மூடாதீர்கள்.