ரிசர்ச் அசோசியேட் வேலைக்கு வந்திருக்கும் தம்பிக்கு

"அக்கா, சிங்கப்பூர் வந்து மூன்று வாரம் ஆகிறது. திருநெல்வேலியில் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, ஒரு மருந்து கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தேன். இப்போது பல்கலைக்கழக லேப் ஒன்றில் ரிசர்ச் அசோசியேட். ஒரு வருட ஒப்பந்தம். இது படிப்பா, வேலையா என்று ஊரில் கேட்கிறார்கள். வருடம் முடிந்தால் என்ன ஆகும்? என் மனைவி சமூகவியல் எம்.ஏ., அவளுக்கும் இங்கே இதுபோல வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

தம்பி, இது வேலைதான். நல்ல வேலையும்கூட. ஆனால் கம்பெனி வேலைக்குரிய கணக்கு இதற்குப் பொருந்தாது. அது புரியாமல் நான் பட்ட பாட்டை நீங்கள் படவேண்டாம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பதவியின் பெயர். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் பொதுவாக, இளங்கலைப் பட்டத்தோடு சேர்பவர் ரிசர்ச் அசிஸ்டன்ட். முதுகலையோ அதற்கு ஈடான அனுபவமோ இருந்தால் ரிசர்ச் அசோசியேட். பிஎச்.டி. முடித்தவர் ரிசர்ச் ஃபெல்லோ. முதல் இரண்டு பேரையும் லேபில் ஆர்.ஏ. என்றே சுருக்கிக் கூப்பிடுவார்கள், குழம்பாதீர்கள். பிரிட்டனிலோ பிஎச்.டி. முடித்தவருக்குத்தான் பெரும்பாலும் ரிசர்ச் அசோசியேட் என்ற பெயர். அதனால் வெளிநாட்டுக்குச் சுயவிவரம் அனுப்பும்போது பதவியின் பெயரோடு நிறுத்தாமல், செய்த வேலையையும் ஒரு வரி எழுதுங்கள். ஊரில் அப்பா "அசோசியேட்" என்றதும் அசோசியேட் புரொபசர் என்று நினைத்திருக்கலாம். என் அப்பா அப்படித்தான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இப்போதே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பின்னால் ஒப்பந்தம் முடியும் நேரத்தில் அதையும் சேர்த்து விளக்குவது ரொம்பக் கஷ்டம்.

அடுத்தது பணம். உங்கள் சம்பளம் பல்கலைக்கழகத்தின் கணக்கில் இருந்து வந்தாலும், அது உங்கள் பி.ஐ., அதாவது அந்த ஆய்வை நடத்தும் பேராசிரியர், போட்டி போட்டு வாங்கிய கிராண்ட்டின், அதாவது ஆய்வு மானியத்தின் பணம். ஆராய்ச்சிக்குச் செலவழிப்பதில் இந்த நாடு கை இறுக்கம் காட்டுவதில்லை. 2021 முதல் 2025 வரையிலான ஐந்தாண்டு ஆய்வுத் திட்டத்துக்கு மட்டும் 2,500 கோடி வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஒதுக்கினார்கள். பயோபொலிஸ் என்ற உயிர்மருத்துவ ஆய்வு வளாகம் 2003இல் திறந்தது, தேசிய ஆய்வு அறநிறுவனம் 2006இல் வந்தது. அதற்கப்புறம் இங்கே ஆய்வு வேலைகள் பெருகிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு கிராண்ட்டுக்கும் ஒரு முடிவுத் தேதி உண்டு. உங்கள் ஒப்பந்தத் தாளில் இருக்கும் தேதி வேறு, கிராண்ட்டின் தேதி வேறு. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டாவது தேதி. கிராண்ட் இன்னும் இரண்டரை வருடம் ஓடுமென்றால், வேலை சரியாக நடக்கும்வரை உங்கள் ஒரு வருடம் நீளும் வாய்ப்பு அதிகம். பதினான்கு மாதம்தான் மிச்சம் என்றால் இன்றே அடுத்ததை யோசிக்க வேண்டும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல பி.ஐ. நேராகவே சொல்வார்.

நான் கேட்கவில்லை. மதுரையிலிருந்து 2011இல் வந்தேன், நுண்ணுயிரியல் எம்.எஸ்ஸி. செல் வளர்ப்பது, டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். ஓட்டுவது, புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் எடுப்பது என்று காலை எட்டு மணிக்குப் போனால் இரவுதான் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமையும் செல்லுக்குச் சாப்பாடு மாற்றப் போயாக வேண்டும். இரண்டு வருடம் அப்படிப் போனது. ஒப்பந்தம் வருடா வருடம் நீண்டதால் அது நிரந்தரம் மாதிரி மனதில் பதிந்துவிட்டது. திடீரென்று பி.ஐ. வேறு நாட்டுக்குப் போவதாகச் சொன்னார், கிராண்ட்டும் முடிகிறது என்றார். என் கையில் ஆறு வாரம் இருந்தது.

அந்த ஆறு வாரத்தில்தான் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. நம்மைப் போன்ற வெளிநாட்டவர் வேலையை விட்டால், வரிக் கணக்கு முடியும்வரை முதலாளி கொடுக்க வேண்டிய பணத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்பது சட்டம். கடைசிச் சம்பளம் வரும், அதை வைத்து வாடகை கட்டலாம் என்று நினைத்திருந்தேன். அது வரவில்லை, வரி அலுவலகம் முடித்த பிறகுதான் வந்தது. வேலை அனுமதி ரத்தானதும் தங்குவதற்கு முப்பது நாள் கொடுத்தார்கள். கிளமெண்டியில் அறைக்கு இன்னும் நாலு மாத ஒப்பந்தம் பாக்கி. வீட்டுக்காரம்மா நல்லவர், முன்பணத்தை வைத்து ஒரு மாதம் கழித்துக்கொண்டார். உங்களுக்கும் அப்படி ஒருவர் அமைவார் என்று எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள். வீவக, அதாவது அரசு வீடமைப்புக் கழக வீட்டில் அறை எடுத்தால் குறைந்தது ஆறு மாதத்துக்கு எடுக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு, வாடகை ஒப்பந்தம் வேலை ஒப்பந்தத்தின் முடிவைத் தாண்டாமல் போடுங்கள். இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் தனியே வையுங்கள். வேலை அனுமதியில் இருக்கும்வரை நமக்கு மசே நிதி, அதாவது ஊரில் உள்ள பி.எஃப். போன்ற மத்திய சேம நிதி கிடையாது, சேர்ப்பதை நாமேதான் சேர்க்க வேண்டும்.

சரி, அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் மனைவியைப் பற்றிய கேள்விக்கும் அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பக்கத்து லேபில் இருந்த ஒரு பெண், பொதுச் சுகாதார ஆய்வுக் குழு ஒன்று தமிழ் பேசுபவரைத் தேடுகிறது என்றாள். வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் கேட்கும் வேலை. லேப் கோட் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது இறக்கம் மாதிரி தெரிந்தது. வேறு வழியில்லாமல் போனேன். இன்று யோசித்தால், நான் ஆய்வு என்றால் என்ன என்று கற்றுக்கொண்டது ஈசூன், அங் மோ கியோ வட்டாரங்களின் அடுக்குமாடி பிளாக்குகளின் நடைபாதைகளில்தான்.

ஒரு பாட்டி. வயது எண்பதை நெருங்கியிருக்கும். கேள்வித்தாளில் "நீங்கள் மனச்சோர்வாக உணர்ந்தீர்களா?" என்று இருந்தது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ராத்திரி தூக்கமே வர்றதில்ல, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு, யாரோடயும் பேசப் பிடிக்கல" என்றார். கேட்ட கேள்விக்கு அவர் பதில் "இல்லை". சொன்னதெல்லாம் "ஆமாம்". நாமாகக் கேள்வியை மாற்றிக் கேட்கக் கூடாது. எல்லோரிடமும் ஒரே சொற்களில் கேட்டால்தான் பதில்களை ஒப்பிட முடியும். அதனால் அச்சிட்டபடியே பதிவு செய்துவிட்டு, பாட்டி சொன்னதை ஓரத்தில் அவர் வார்த்தையிலேயே எழுதினேன். வாரக் கூட்டத்தில் அதைப் படித்தபோது, கேள்வியின் அந்தத் தமிழ் மொழிபெயர்ப்பை அடுத்த முன்னோட்ட ஆய்வில் திருத்த வேண்டும் என்று குழுவே முடிவெடுத்தது. தமிழ் தெரிந்தவர் ஒருவர் அந்த மேசையில் இல்லாவிட்டால் பாட்டியின் "இல்லை" மட்டும்தான் கணக்கில் ஏறியிருக்கும். இந்த நாட்டில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, ஆய்வுகளுக்கும் தமிழ் பேசும் மக்கள் தேவைப்படுகிறார்கள். 2009இல் தொடங்கிய கஸ்டோ என்ற தாய்சேய் ஆய்வு சீன, மலாய், இந்தியக் குடும்பங்களை வைத்தே வடிவமைக்கப்பட்டது.

அப்படித்தான் துறை மாறினேன். அப்புறம் மருத்துவமனை ஒன்றில் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஆனேன், இப்போது ஒரு சிறு குழுவை நடத்துகிறேன். நோயாளியிடம் ஒப்புதல் வாங்குவது எப்படி, சாட்சி எப்போது வேண்டும், 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் எனக்கு இப்போது தினப்படி வேலை.

ஒவ்வொரு துறையிலும் ஆர்.ஏ. வாழ்க்கை வேறு. உங்கள் வேதியியலிலும் உயிரியலிலும் கைத்திறன்தான் சொத்து. ஒரு கருவியை முழுதாகக் கற்று, அது பழுதானால் உங்களைக் கூப்பிடும் நிலைக்கு வந்தால் துவாஸ் பக்கம் இருக்கும் மருந்து ஆலைகளின் தரக் கட்டுப்பாட்டுக்கும் போகலாம், உங்களுக்கு மருந்து கம்பெனி அனுபவமும் இருக்கிறது. பொறியியல், கணினிக்காரர்களுக்கு எழுதிய நிரலே சாட்சி, அவர்கள் கம்பெனிக்குத் தாவுவது எளிது. பொருளியலில் ஆர்.ஏ. என்றால் பாதி நேரம் தரவைச் சுத்தம் செய்வது. அங்கே பலரும் ஒன்றிரண்டு வருடம் செய்துவிட்டு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தோடு அமெரிக்கப் பிஎச்.டி.க்குப் போகிறார்கள், அந்தக் கடிதமே பெரிய சம்பாத்தியம். வரலாறு, சமூகவியல் பக்கம் தேசிய ஆவணக் காப்பகம், விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம், பழைய பத்திரிகைகள், ஒலிப்பதிவுகள். எனக்குத் தெரிந்த ஒரு தங்கை நேர்காணல்களை எழுத்தாக்குகிறாள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது என்கிறாள். "பாசாருக்குப் போனேன், அப்போ நாங்க கம்போங்ல இருந்தோம்" என்று தமிழும் மலாயும் பின்னிவரும் பேச்சை வெளியூர் ஆள் எழுத முடியாது. 1887இல் இங்கே வெளிவந்த "சிங்கை நேசன்" இதழின் தமிழைப் படித்துச் சொல்லவும் ஆள் வேண்டும்தானே.

இனி உங்கள் பெயரைப் பற்றி. நம் ஊர்ப் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவில் சி. வி. ராமனோடு ஒளிச்சிதறல் ஆய்வில் வேலை செய்தார். 1928 மார்ச்சில் நேச்சர் இதழில் வந்த அந்தப் புகழ்பெற்ற குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருக்கின்றன. 1930 நோபல் ராமனுக்கு மட்டும் போனது. ஆனால் தாளில் பெயர் இருந்தது. கிருஷ்ணன் அதே 1928இல் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார், பின்னாளில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். பரிசு யாருக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை. செய்த வேலை நம் பெயரில் பதிவாகிறதா என்று கேட்பது நம் கையில் இருக்கிறது. நான் வளர்த்த செல்களை வைத்து இரண்டு கட்டுரை வந்தது. ஒன்றில் நான்காவது பெயர், இன்னொன்றில் நன்றி சொல்லும் பத்தியில் ஒரு வரி. தொடக்கத்திலேயே கேட்காததன் விளைவு அது, இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. வேலை தொடங்கும்போதே "இதில் என் பங்கு எப்படிக் குறிப்பிடப்படும்?" என்று பேசிவிடுங்கள். இப்போது பல இதழ்கள் யார் எதைச் செய்தார்கள் என்று பிரித்தே எழுதச் சொல்கின்றன, அதைக் காட்டிக் கேட்கலாம். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்சிட் ஒன்று வாங்கி, அதைச் சொந்த மின்னஞ்சலோடு இணையுங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பல்கலைக்கழக மின்னஞ்சல் போய்விடும், ஆர்சிட் கூடவே வரும்.

இப்போது உங்கள் மனைவி. அவரைக் குடும்ப அட்டையில், அதாவது டிபென்டன்ட்ஸ் பாஸில் (ரேஷன் அட்டை இல்லை), அழைத்துவர உங்கள் நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். ஆர்.ஏ.க்கள் பலர் இங்கேதான் தடுக்கி நிற்கிறார்கள். வந்துவிட்டாலும், 2021 மே முதல் குடும்ப அட்டையை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது, அவருக்கென்று தனி வேலை அனுமதி வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் 2025 முதல் குறைந்தது 5,600 வெள்ளிச் சம்பளம், வயது கூடக் கூட அதுவும் ஏறும். கூடவே 2023 செப்டம்பரில் வந்த காம்பஸ் புள்ளிக் கணக்கில் 40 புள்ளி எடுக்க வேண்டும். அதற்கு அடுத்த நிலை அனுமதியான எஸ் பாஸுக்குச் சம்பள வரம்பு குறைவு, ஆனால் முதலாளிக்கு ஒதுக்கீட்டுக் கட்டுப்பாடும் தீர்வையும் உண்டு. உங்கள் கையில் இருப்பது எந்த அட்டை என்று நீங்கள் சொல்லவில்லை, மனிதவள அமைச்சின் தளத்தில் உங்கள் இருவர் விவரத்தையும் போட்டுப் பாருங்கள். அவர் ஊரில் இருந்துகொண்டே விண்ணப்பிப்பதுதான் நல்லது. தமிழில் நேர்காணல் எடுத்த அனுபவம், எழுத்தாக்கிய பக்கங்கள், ஏதாவது ஒரு தரவு மென்பொருள், இவற்றைச் சுயவிவரத்தின் மேலேயே போடச் சொல்லுங்கள். சமூகவியல் எம்.ஏ. என்று மட்டும் எழுதினால் நூறோடு நூற்றொன்றாகப் போய்விடும்.

உங்களுக்குப் பிஎச்.டி. ஆசை இருந்தால் ஆர்.ஏ.வாகவே நாலைந்து வருடம் ஓட்டாதீர்கள். நான் கண்ட வரையில் மூன்றாவது வருடத்துக்கு மேல் அது கதவைத் திறப்பதைவிட ஆளைப் பழக்கிவிடுகிறது. பிஎச்.டி. படிக்க சிங்கா என்ற உதவித்தொகை வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே இருக்கிறது. நான்கு வருடம்வரை கட்டணத்தை ஏற்றுக்கொண்டு மாதாந்திரத் தொகையும் தருகிறார்கள். ஜனவரி, ஆகஸ்ட் என்று இரண்டு சேர்க்கை. பிஎச்.டி. வேண்டாம் என்றால் அதில் குறை ஒன்றும் இல்லை, மருத்துவமனை ஆய்வுப் பிரிவு, கிராண்ட் அலுவலகம், லேப் மேலாளர் என்று வழிகள் இருக்கின்றன. எது என்று இந்த வருடத்துக்குள் முடிவு செய்யுங்கள்.

திங்கட்கிழமை உங்கள் பி.ஐ.யிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, கிராண்ட் எந்த மாதம் முடிகிறது என்பதைத் தெரிந்துகொண்டு எனக்கு எழுதுங்கள். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, சிங்கா விண்ணப்பத்தை எப்போது போடுவது, வாடகை ஒப்பந்தத்தை எதுவரை போடுவது, உங்கள் மனைவி எப்போது விண்ணப்பிப்பது என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.