ரத்தத்து இரும்பும் மணவாளக்குறிச்சி மணலும்

கேள்வி: அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, இதயத் தசையில் உள்ள ட்ரோப்போனின் என்ற புரதம் ரத்தத்தில் கசிந்திருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். காந்த நானோ துகள்களை வைத்து இதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாமாமே? ரத்தத்திலேயே இரும்பு இருக்கிறதே, காந்தம் குழம்பாதா அண்ணாச்சி?
- கல்லூரி மாணவி, குளச்சல்

பதில்: கடைசியில் கேட்டாயே மக்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆணியில் உள்ள இரும்பு மாதிரி காந்தத்திடம் ஓடி வராது. அதன் அணுக்கள் தனித்தனியாகப் புரதத்துக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் இழுப்பதில்லை, மிக மிக லேசாகத் தள்ளுகிறது. வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் 1936-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள்.

சின்ன வயதில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மணலில் இழுத்துப் பார்த்திருக்கிறேன். கறுப்பு மணல் மீசை மாதிரி ஒட்டும். வெள்ளை மணல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அங்குள்ள மணல் ஆலையில் இல்மனைட் என்ற கறுப்புத் தாதுவைப் பிரிப்பதும் காந்தத்தால்தான். ரத்தம் அந்த வெள்ளை மணல் என்று வைத்துக்கொள். நாம் போடும் துகள்தான் கறுப்பு மணல்.

அந்தத் துகள் பெரும்பாலும் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. குறுக்களவு சில பத்து நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனோ ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். இவ்வளவு சின்னதானால் ஒரு நல்ல குணம் வந்துவிடும்: பக்கத்தில் காந்தம் இருக்கும்வரைதான் அதுவும் காந்தம். அதனால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாது.

சோதனைக் கருவியில் உள்ள சிப்பின் மேல், ட்ரோப்போனினைப் பிடிக்கிற ஆன்டிபாடி என்ற புரதம் இருக்கும். ட்ரோப்போனின் வந்து அதில் மாட்டும். அப்புறம் இன்னொரு ஆன்டிபாடி பூசிய காந்தத் துகள் வந்து அதன் மேல் பிடித்துக்கொள்ளும். எத்தனை துகள் தங்கியதோ அதற்கேற்பக் கீழே உள்ள சென்சாரின் மின்தடை மாறும். இந்த மின்தடை மாற்றத்தை 1988-ல் கண்டறிந்த ஆல்பர்ட் ஃபெர்ட்டுக்கும் பீட்டர் குருன்பெர்க்குக்கும் 2007-ல் நோபல் கிடைத்தது. கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கைப் படிக்கும் முனையில் இருந்ததும் இதே வித்தைதான்.

நாகர்கோவிலில் 28 வருடம் லேப் டெக்னீசியனாக இருந்தவன் நான். ரத்தத்தை வேகமாக இழுத்தால் செல்கள் உடைந்து, சீரம் (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர்) சிவந்துவிடும். ஹீமோலைஸ் ஆன சாம்பிள் என்போம். ஒளியை வைத்து அளக்கும் பல பரிசோதனைகள் அந்த நிறத்தில் தடுமாறும். ஒரு நள்ளிரவு, வலியில் துடித்த ஒரு மீனவருக்கு என் கை அவசரத்தால் இரண்டாவது முறை ஊசி குத்த வேண்டியதாயிற்று. "எடுத்த ரத்தம் போதாதா?" என்று அவர் மகன் கேட்டான். காந்த அளவீட்டில் சீரம் சிவந்திருந்தாலும் கொழுப்பால் கலங்கியிருந்தாலும் சென்சாருக்கு அது தெரியாது. எனக்கு இந்தக் கருவிமேல் ஆசை வந்ததே அதனால்தான்.

ஆனால் அப்பாவுக்கு மறுபடி ரத்தம் எடுத்தது மெஷின் மெதுவானது என்பதால் அல்ல. இதயத் தசை சேதப்பட்டு ட்ரோப்போனின் ரத்தத்தில் கசிந்து ஏறவே நேரம் பிடிக்கும். நுட்பமான சென்சார் அந்தக் காத்திருப்பைக் குறைக்கும், அடியோடு இல்லாமல் ஆக்காது. துகள்கள் உடம்புக்குள் போவதும் இல்லை. எல்லாம் வெளியே எடுத்த ரத்தத்தில்தான் நடக்கும்.

இனி எப்போதாவது வலி வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடு. வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டு போ. இரண்டாவது ரத்தம் எப்போது எடுக்கலாம் என்று டாக்டர் கணக்குப் போட அது வேண்டும்.